ஃபிரிட்ஜ் முதுகில் ஒரு மஞ்சள் முக்கோணம்



அடுத்த முறை சமையலறையைக் கழுவும்போது ஃபிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் இழுத்து அதன் முதுகைப் பாருங்கள். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சமீபத்தில் வாங்கியது என்றால் அநேகமாக "ஆர்-600ஏ" என்று எழுதி, பக்கத்தில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு தீச்சுடர் போட்டிருக்கும். பதினைந்து இருபது வருடப் பழையது என்றால் "ஆர்-134ஏ". கல்யாணச் சீராக வந்து, இன்னும் ஊரில் அம்மா வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கிழ ஃபிரிட்ஜ் என்றால் "ஆர்-12".

மூன்றும் உள்ளே சுற்றிவரும் குளிர்விக்கும் வாயுவின் பெயர்கள். நாம் சாதாரணமாக "கேஸ்" என்று சொல்வோமே, அதுதான். ஆர்-12 ஓசோன் படலத்தைத் தின்றது. அதனால் 134ஏ வந்தது. அது பூமியைச் சூடாக்கியது. அதனால் 600ஏ வந்தது. அது தீப்பிடிக்கும்! "வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதே, இதை எப்படி வாங்குவது?" என்று நம் மக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பிம்ப்ரிக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. கார் ஏசிக்கான குழாய்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், கேஸ் எங்கே கசிகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை உண்டு.

ஐஸ் ஹவுஸிலிருந்து ஆரம்பிப்போம்

சென்னைக்காரர்களுக்குத் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் தெரியும். இப்போது விவேகானந்தர் இல்லம். 1842இல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூள் சுற்றி, கப்பலில் ஏற்றி, மெரினா கரையில் இறக்கி அங்கே வைத்திருந்தார்கள். ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரியின் மூளை. அந்தக் குளிர்ச்சியில் ரசாயனமே கிடையாது. விலைதான் துரைமார்களுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டும் கட்டுப்படியாகும்.

அப்புறம் பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்தன, டியூடரின் வியாபாரம் படுத்துவிட்டது. அந்த இயந்திரங்களுக்கும், பின்னால் வந்த வீட்டு ஃபிரிட்ஜ்களுக்கும் அன்று கிடைத்த வாயுக்களில் முக்கியமானவை மூன்று: அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. மூன்றும் விஷம். முதல் இரண்டும் கசிந்தால் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும், எழுந்து ஓடலாம். மெத்தில் குளோரைடுக்கு வாசனை மிகக் குறைவு. தூங்குகிறவனுக்குத் தெரியாது. 1920களின் கடைசியில் சிகாகோவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பலர் இப்படி இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதே காலத்தில் பெர்லினில் ஒரு குடும்பமே ஃபிரிட்ஜ் கசிவில் செத்துப்போன செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, கசியவே முடியாத ஃபிரிட்ஜ் ஒன்றைச் செய்யலாம் என்று இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் லியோ சிலார்ட். இன்னொருவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். ஆமாம், அதே ஐன்ஸ்டைன்தான்! 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்கள். ஆனால் அது கடைக்கு வரவில்லை. அதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டார்.

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த மனிதர்

அவர் தாமஸ் மிட்ஜ்லி. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் பொறியாளர். விஷம் இல்லாத, தீப்பிடிக்காத, மலிவான வாயு வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. அவர் குழு கண்டுபிடித்ததுதான் ஆர்-12. பிறகு ஃப்ரியான் என்று உலகப் புகழ் பெற்றது. 1930 ஏப்ரலில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தி மேல் ஊதினார். சுடர் அணைந்தது. மனிதர் சிரித்துக்கொண்டு நின்றார். நச்சில்லை, நெருப்பில்லை. ஒரே மூச்சில் இரண்டு நிரூபணம்.

அன்று "பாதுகாப்பானதா?" என்ற கேள்விக்கு அர்த்தம் இவ்வளவுதான்: இந்த அறையில் இருக்கிற மனிதன் சாவானா, அறை பற்றி எரியுமா. இரண்டுக்கும் பதில் "இல்லை". அதற்கு மேல் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. (இதே மிட்ஜ்லிதான் பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையையும் கண்டுபிடித்தவர். ஒரே மனிதர், இரண்டு கண்டுபிடிப்பு, இரண்டையும் ஒழிக்க உலகமே ஒன்றுசேர வேண்டியதாயிற்று!)

ஆர்-12ம் அப்படியொன்றும் முழு சாதுவில்லை. அடைத்த இடத்தில் நிறையக் கசிந்தால் பிராணவாயுவை விரட்டிவிடும். அதிக அளவில் உள்ளே போனால் இதயத் துடிப்பின் தாளம் கெடும். ஏரோசால் ஸ்ப்ரேக்களையும் கரைப்பான்களையும் போதைக்காக முகர்ந்து திடீரென இறந்துபோன அமெரிக்க இளைஞர்களைப் பற்றி 1970இல் வெளியான ஆய்வு ஒன்று 110 மரணங்களைக் கணக்கிட்டது. எரியும் சுடர் மேல் பட்டால் அந்த வாயு உடைந்து அமிலப் புகையும் கொஞ்சம் ஃபாஸ்ஜீனும் வரும். ஃபாஸ்ஜீன் முதல் உலகப்போரின் விஷ வாயு. போபால் ஆலையில் மூலப்பொருளாக இருந்ததும் அதுதான். மெழுகுவர்த்தியை அணைத்துக்காட்டிய கூட்டத்தில் இதெல்லாம் பேச்சில் இல்லை.

மேட்டூரும் மான்ட்ரியலும்

1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் இந்த வாயுக்கள் மேலே போய் ஓசோனைச் சிதைக்கும் என்று எழுதினார்கள். 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது.

இந்தியா உடனே சேரவில்லை. "ஓட்டை போட்டது நீங்கள், அடைக்கும் செலவு எங்களுக்கா?" என்பதுதான் நம் கேள்வி. 1990 லண்டன் கூட்டத்தில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை உரக்கவே கேட்டார். வளரும் நாடுகளுக்கு உதவ பலதரப்பு நிதியம் உருவானது. 1992 ஜூனில் இந்தியா சேர்ந்தது.

இந்த வாயுவைத் தயாரித்த இந்தியக் கம்பெனிகளில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது, கெம்பிளாஸ்ட் சன்மார். மற்றவை ராஜஸ்தான், குஜராத் பக்கம். உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த 1999இல் நிதியம் 8.2 கோடி டாலர் ஒதுக்கியது. 2003 முதல் புதிய ஃபிரிட்ஜ், கார் ஏசிகளில் சி.எஃப்.சி. போடக்கூடாது என்று சட்டம் வந்தது. கடைசியில் 2008 ஆகஸ்ட் 1 முதல், ஆஸ்துமா இன்ஹேலருக்கான மருந்துத் தரம் தவிர, உற்பத்தியே நின்றது. கெடுவுக்குப் பதினேழு மாதம் முன்னதாகவே! நம் நாடு கெடுவுக்கு முன்னால் முடித்த காரியங்களில் இதுவும் ஒன்று என்று பெருமையாகவே சொல்லலாம்.

2022இல் வெளிவந்த விஞ்ஞானிகளின் மதிப்பீட்டின்படி, இப்படியே போனால் அண்டார்க்டிகாவின் ஓசோன் 2066 வாக்கில் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பிவிடும். நம் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள்.

மாற்று வாயுவை யார் மேல் சோதித்தார்கள்?

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறோம். பழைய வாயு போக வேண்டும் என்றால் புதியது வர வேண்டும். அது மனிதனுக்கு என்ன செய்யும்?

மிட்ஜ்லி செய்ததுபோல மேடையில் மூச்சிழுத்துக் காட்டி இந்த முறை தப்பிக்க முடியவில்லை. 1987 டிசம்பரிலேயே உலகின் பெரிய உற்பத்தியாளர்கள் கூடி மாற்று வாயுக்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஒரு கூட்டுத் திட்டம் ஆரம்பித்தார்கள். எலிகளை வருடக்கணக்கில் அந்த வாயுவைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள்.

அதில் 134ஏ நல்ல பெயர் வாங்கித் தேறியது. எவ்வளவு நல்ல பெயர் என்றால், பிறகு ஆஸ்துமா இன்ஹேலரில் மருந்தைத் தள்ளும் வாயுவாக அதையே வைத்தார்கள். மருந்துத் தரத்துக்குத் தனியாகச் சுத்திகரித்து, தனியாகச் சோதித்து. சிப்லா போன்ற இந்தியக் கம்பெனிகளும் இன்ஹேலர்களை அதற்கு மாற்றின. காரை குளிர்விக்கும் அதே மூலக்கூறுதான் மூச்சுத் திணறும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. என் வேலையில் தினமும் கையாளும் பொருள் அது. இதை முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்னொன்று, பெரிய கட்டடங்களின் சில்லர்களில் போடும் 123 என்ற வாயு. எலிகளுக்குக் கணையத்திலும் விரையிலும் கட்டிகள் வந்தன, புற்றுநோய் அல்லாத கட்டிகள்தான். 1991இல் டுபான்ட் கம்பெனி தொழிலாளர் சுவாசிக்கலாம் என்று வைத்திருந்த அளவை 100 பி.பி.எம்.மிலிருந்து 10ஆகக் குறைத்தது. பின்னால் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு கொஞ்சம் உயர்த்தினார்கள்.

எலியோடு முடிந்துவிடவில்லை. 1997இல் லான்செட் மருத்துவ இதழில் பெல்ஜியத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. உலோகம் உருக்கும் ஆலை ஒன்றில் ஒன்பது தொழிலாளர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு. குடியா? இல்லை. வைரஸா? இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது கிரேன் ஓட்டுநரின் கூண்டுக்குள் குளிர்ச்சி தரும் ஏசியின் பிளாஸ்டிக் குழாயில் கசிவு. உள்ளே 123, 124 என்ற ஓசோனைக் காக்க வந்த வாயுக்களின் கலவை. மயக்க மருந்தாகப் பயன்படுத்திய ஹாலோதேன் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும் என்பது டாக்டர்களுக்கு முன்பே தெரியும். உடம்புக்குள் போனபின் 123ம் ஹாலோதேனும் ஒரே மாதிரியான சிதைபொருளைத்தான் உண்டாக்குகின்றன. அடைத்த கூண்டு, நாள் முழுக்க வேலை, வாசனை தெரியாத கசிவு. சிகாகோ படுக்கையறையின் கதையே எழுபது வருடம் கழித்துக் கிரேன் கூண்டுக்குள் நடந்தது.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், 1995இல், தென் கொரியாவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஆலை. அங்கே பாகங்களைக் கழுவ சி.எஃப்.சி.-113க்குப் பதில் 2-புரோமோபுரோப்பேன் கலந்த கரைப்பானைக் கொண்டுவந்தார்கள். வேலை பார்த்த இளம்பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனது. ஆண்கள் பலருக்கு விந்தணு குறைந்தோ இல்லாமலோ போனது. அந்தப் பொருளின் நச்சைப் பற்றி அதுவரை யாரும் சரியாகச் சோதித்திருக்கவில்லை. இது குளிர்விக்கும் வாயு அல்ல, கழுவும் திரவம். ஆனாலும் அதே உடன்பாட்டின் பக்கவிளைவு. "மாற்று" என்று பெயர் வைத்தால் மட்டும் பொருள் சாதுவாகிவிடாது என்று அந்தப் பெண்கள் உடம்பைக் கொடுத்து உலகத்துக்குச் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு ஓசோன் உடன்பாடே தப்பு என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த உடன்பாடு இல்லாவிட்டால் தோல் புற்றுநோயும் கண்புரையும் எவ்வளவு கூடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் சொல்வது வேறு. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆபத்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியது. வீட்டில் தூங்குபவனிடமிருந்து வானத்துக்குப் போனது. வானத்திலிருந்து ஆலைத் தொழிலாளியிடம் வந்தது. "யாருக்குப் பாதுகாப்பு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாக வேண்டும்.

சரி, தீப்பிடிக்கும் கேஸ் வீட்டுக்கு ஆகுமா?

134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் இந்த வகை வாயுக்களையும் குறைக்க முடிவாயிற்று. 2021இல் இந்தியா அதை ஏற்றது. 2028 முதல் உச்சவரம்பு, 2032 முதல் படிப்படியாகக் குறைப்பு.

இதற்குப் பல வருடம் முன்னாலேயே ஜெர்மனியில் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய கிழக்கு ஜெர்மனியின் மூடப்போகும் ஃபிரிட்ஜ் ஆலை ஒன்றும் கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து, சாதாரண ஹைட்ரோகார்பனில் ஓடும் ஃபிரிட்ஜைச் செய்தன. பெரிய கம்பெனிகள் "சமையலறையில் வெடிகுண்டு" என்று பயமுறுத்தின. 1993இல் அது சந்தைக்கு வந்தது. சீக்கிரமே பயமுறுத்தியவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் அந்த வகைதான்.

நம் சமையலறைக்குக் கணக்குப் போடுவோம். வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், சுமார் 40 முதல் 70 கிராம். 50 என்று வைத்துக்கொள்வோம். 10 அடிக்கு 8 அடி சமையலறை, 9 அடி உயரம். கொள்ளளவு சுமார் 20 கன மீட்டர். முழுக் கேஸும் ஒரே நொடியில் வெளியே வந்து காற்றோடு கலந்தால் கன மீட்டருக்கு இரண்டரை கிராம். தீப்பிடிக்க வேண்டுமானால் கன மீட்டருக்குக் குறைந்தது 43 கிராம் வேண்டும். பதினேழில் ஒரு பங்கு கூட இல்லை. அதே சமையலறையில் அடுப்புக்குக் கீழே 14.2 கிலோ எல்.பி.ஜி. சிலிண்டர் நிற்கிறது. அதுவும் புரோப்பேனும் பியூட்டேனும்தான். ஃபிரிட்ஜில் உள்ளதைப்போல 284 மடங்கு! அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தினமும் தோசை சுடுகிறோம்.

ஏசிக்குக் கணக்கு கொஞ்சம் இறுக்கம். புனேயிலிருந்து சதாரா போகும் வழியில் ஷிர்வல் என்று ஓர் ஊர். அங்கே கோத்ரெஜ் ஆலையில், ஜெர்மனியின் ஜி.ஐ.இசட். அமைப்பின் உதவியோடு, புரோப்பேனில் ஓடும் வீட்டு ஏசிகளைச் செய்து 2012இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய அளவில் இதைச் செய்த உலகின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. எங்கள் பக்கத்து ஊரில் நடந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். ஆனால் ஏசியில் 300, 400 கிராம் வரை கேஸ் இருக்கும். 12 சதுர மீட்டர் அறையில் முழுவதும் கசிந்து சமமாகப் பரவினால் தீப்பிடிக்கும் அளவில் நான்கில் ஒரு பங்கு. பரவாமல் தங்கினால்? புரோப்பேன் காற்றைவிடக் கனம், தரையோடு படியும். அதனால்தான் அறையின் அளவு, பொருத்தும் முறை, பொருத்துபவருக்குப் பயிற்சி எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறார்கள். விதியை மதித்தால் பயமில்லை.

பிம்ப்ரிக்காரர்களுக்கு ஒரு கிளைக்கதை

மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியாவில் கார் கட்ட ஆரம்பித்தது 1990களின் நடுவில், எங்கள் பிம்ப்ரியில், டெல்கோ வளாகத்தில். 2009இல்தான் சாக்கனில் சொந்த ஆலைக்குப் போனார்கள். அந்தக் கார்களின் தாய்க் கம்பெனி டைம்லர், 2012 செப்டம்பரில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. கார் ஏசியில் 134ஏக்குப் பதிலாக ஐரோப்பா முழுக்க 1234ஒய்எஃப் என்ற புது வாயு வரவிருந்தது. டைம்லர் மோதல் போன்ற ஒரு சோதனை செய்தது. சூடான என்ஜின் மேல் வாயுவும் எண்ணெயும் பட்டதும் தீப்பிடித்தது. அதோடு ஹைட்ரஜன் ஃபுளோரைடு. தோல் வழியாக எலும்பு வரை போகும், நுரையீரலை அரிக்கும் விஷம். "இந்த வாயு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

மற்றக் கம்பெனிகளும் ஐரோப்பிய ஆணையமும் ஒப்புக்கொள்ளவில்லை. சாலையில் நடக்கும் விபத்துகளை வைத்துப் பார்த்தால் ஆபத்து மிகக் குறைவு என்றார்கள். பிரான்ஸ் சில மாடல்களைப் பதிவு செய்ய மறுத்தது. வருடக்கணக்கில் சண்டை. கடைசியில் டைம்லர் சில கார்களுக்கு கார்பன் டை ஆக்சைடு ஏசி செய்தது. மற்றவற்றில், மோதினால் ஆர்கான் வாயுவைப் பீய்ச்சித் தீயைத் தடுக்கும் ஏற்பாட்டோடு அதே 1234ஒய்எஃப்பை ஏற்றது.

அதுவும் கடைசி அத்தியாயம் இல்லை. அந்த வாயு காற்றில் உடைந்து டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமாகி மழையோடு தண்ணீரில் சேர்கிறது. எளிதில் அழியாது. இன்றைய அளவுகள் மிகக் குறைவுதான், ஆனால் சேர்ந்துகொண்டே போகும் பொருளாயிற்றே என்று ஐரோப்பாவில் விவாதம் நடக்கிறது.

இப்போது ஆபத்து யாரிடம்?

என் அனுபவத்தில், இன்றைய ஆபத்தில் பெரும்பங்கு வீட்டுக்காரரிடம் இல்லை. டூல் பையோடு வரும் மெக்கானிக்கிடம் இருக்கிறது.

பிம்ப்ரி கேம்ப் பக்கம் ரிப்பேர் கடை ஒன்றில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையனோடு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன். "வெல்டிங் வைக்கும்போது கண்ணு எரியும் அண்ணே, தொண்டை கமறும். பழகிடுச்சு" என்றான். குழாயில் மிச்சக் கேஸ் இருக்கும்போதே பிரேஸிங் சுடரை வைத்தால் வருவது அமிலப் புகை. பழைய ஆர்-22 என்றால் கூடவே ஃபாஸ்ஜீன். அது பழகுகிற பொருளா? மிச்சக் கேஸ் 600ஏ ஆகவோ 290 ஆகவோ இருந்தால் புகை இல்லை, நேரடியாகத் தீ. நம் வீட்டு சிலிண்டரில் கசிவு தெரிவதற்காக நாற்றம் கலந்திருக்கிறார்கள். குளிர்விக்கும் கேஸில் அந்த நாற்றம் கிடையாது.

இன்னொரு ஆபத்து போலி கேஸ். 2011இல் வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்கள் சில வெடித்தன, மூன்று பேர் இறந்தார்கள். 134ஏ என்று சொல்லி ஏற்றியதில் கலந்திருந்தது என்ன தெரியுமா? மெத்தில் குளோரைடு! சிகாகோவில் கொன்ற அதே பழைய வாயு. அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளாக மாறியிருந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று சிலிண்டர் வாங்குகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

அம்மோனியாவும் எங்கேயும் போய்விடவில்லை. ஓசோனுக்கும் வெப்பத்துக்கும் நல்லது என்பதால் அதற்கு மரியாதை கூடியிருக்கிறது. கோல்டு ஸ்டோரேஜ், ஐஸ் ஃபேக்டரி, மீன் பதப்படுத்தும் ஆலை எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அவர்களில் உண்டு. நம்மைப் போலவே.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. நல்ல விஷயம். ஆனால் மே மாத வெயிலில் "ஏசி ஓடல, உடனே வா" என்று நாம் போன் போட்டு அவசரப்படுத்தும்போது, அந்தப் பையன் சான்றிதழைப் பார்ப்பானா, நம் கோபத்தைப் பார்ப்பானா?

அதனால் நம் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்:

1. மஞ்சள் முக்கோணம் பார்த்து ஃபிரிட்ஜ் வாங்கப் பயப்பட வேண்டாம்.

2. எந்த கேஸ் ஏற்றப்போகிறார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஸ்டிக்கரில் இருப்பதுதான் ஏற வேண்டும். ஆர்-22க்காகச் செய்த பழைய ஏசியில் "இது சீப், கூலிங் நல்லா வரும்" என்று புரோப்பேன் ஏற்ற விடாதீர்கள். அந்த இயந்திரம் தீப்பிடிக்கும் கேஸை மனதில் வைத்துச் செய்ததல்ல.

3. வேலை நடக்கும்போது ஜன்னல், கதவு திறந்திருக்கட்டும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எல்லாம் அணைந்திருக்கட்டும். குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள்.

4. கேஸ் அடிக்கடி தீர்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்வது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

5. மெக்கானிக் "மிச்ச கேஸை வெளியே எடுத்துட்டு அப்புறம் வெல்டிங் வைக்கிறேன், அரை மணி கூட ஆகும்" என்றால், அவர் வேலை தெரிந்தவர். அவசரப்படுத்தாதீர்கள். ஒரு டீ போட்டுக் கொடுங்கள் :-)

கடைசியாக, நம்மில் பலரின் தம்பி, மச்சான், அக்கா மகன் யாராவது ஒருவர் இந்தத் தொழிலில், இங்கேயோ, வளைகுடாவிலோ, சிங்கப்பூரிலோ இருப்பார். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கண் எரிந்தால், தொண்டை கமறினால் சுடரை அணைத்துவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். பழகிவிட்டது என்று சொன்னால், பழகக்கூடாது என்று சொல்லுங்கள்.